படகு பொங்கிய ஞாயிற்றுக்கிழமை

கணவனை இழந்தவளுக்கு யோசனை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. பேங்க்கில் எந்தக் கவுண்டரில் நிற்க வேண்டும், அவருடைய போனை எப்போது கட் செய்ய வேண்டும், ஸ்கூட்டரை யார் தலையில் கட்ட வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ஆள் வந்தார்கள். ஆனால் மனுஷன் ஒரு படகை விட்டுவிட்டுப் போயிருந்தால் அதை என்ன செய்வது என்று மட்டும் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. (எனக்கும் தெரியவில்லை என்பதைத் தெருவே பார்த்துத் தெரிந்துகொண்டது.)

என் கணவர் சேகருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. எங்கள் மகள் நித்யாவுக்கு அலையில் கால் நனைத்தாலே தலை சுற்றும். இப்படிப்பட்ட குடும்பத்துக்குத்தான் அவர், ஈசிஆர் பக்கம் மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து பழைய ஃபைபர் படகு ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கோபாலபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் போர்டிகோவில் அது ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. கார் தெருவில் வெயில் காய்ந்தது.

"ரிட்டயர் ஆனதும் இதை சரி பண்ணி, உன்னை உக்கார வெச்சு முட்டுக்காட்டுல ஒரு ரவுண்டு போறோம், வசந்தா" என்றார்.

ரிட்டயர் ஆகும்வரை இருக்கவில்லை. ஆபீசில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

சில மாதங்களில் வீட்டுக்காரர் வந்து, இடித்து ஃப்ளாட் கட்டப் போவதாகச் சொன்னார். நாங்கள் திருவான்மியூரில் மூன்றாவது மாடிக்குப் போவதாக முடிவாயிற்று. படகை எந்த மாடிக்கு ஏற்றுவது? "பழைய இரும்புக் கடைக்காரனைக் கூப்பிடு" என்றார் சரளா அண்ணி. சேகரின் அக்கா. நங்கநல்லூரில் இருந்துகொண்டே போனில் என் குடும்பத்தை நடத்திவந்தார். கடைக்காரரும் வந்தார். படகைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது ஃபைபர்மா, நாங்க எடுக்க மாட்டோம்" என்று போய்விட்டார்.

அப்போதுதான் யூசுப் பாய் உள்ளே நுழைந்தார். சேகரோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகப் படித்தவர். ராயப்பேட்டையில் இருக்கிறார். நண்பனின் மனைவி என்பதால் என்னை 'பாபி' என்றுதான் கூப்பிடுவார். மீனும் ஐஸ்கிரீமும் வைக்கிற குளிர் அறைகளைக் கட்டிக்கொடுப்பது தொழில்.

"ஒரு தபா மிதக்க உட்டுடுவோம் பாபி. அப்பால யாருக்குனா குடுத்துக்கலாம். மிதக்காமயே போச்சுன்னு வெச்சுக்க, சேகரு என்னை உட மாட்டான்."

முட்டுக்காட்டுப் பக்கம் அவருக்குத் தெரிந்த மீனவர் ஒருவர், மிதந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். 'மிதந்தால்' என்பதுதான் சிக்கல். யூசுப் பாய் படகின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதன் தரைக்கு அடியில் ஒரு வெற்றிடம் உண்டு. தண்ணீர் புகுந்தாலும் படகு மூழ்காமலிருக்க அதில் ஃபோம் நிரப்பியிருப்பார்களாம். ரிசார்ட்டில் வெட்டவெளியில் கிடந்தபோதே பழைய ஸ்க்ரூ ஓட்டைகள் வழியாக மழை இறங்கி, அந்த ஃபோம் வருஷக்கணக்கில் தண்ணீர் குடித்திருந்தது.

"டீயில உழுந்த ரஸ்க் மாதிரி ஊறிக் கீது பாபி. எல்லாத்தையும் தோண்டி எடுத்துட்டு புச்சா ஊத்தணும்."

தரையில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகச் சதுரமாக அறுத்துத் திறந்தார். அவர் கரண்டியால் தோண்டினார், நான் தோசைத் திருப்பியால் தோண்டினேன். மஞ்சளாக இருந்திருக்க வேண்டிய ஃபோம் பழுப்பாக, கழுவாத மீன்தொட்டி நாற்றத்தோடு வந்தது. பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. சேகரைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் அழவில்லை. வந்தவர்கள் அதையும் ஒரு குறையாகப் பேசிக்கொண்டார்கள். இங்கே, கை நிறைய ஊறிய ஃபோமை வைத்துக்கொண்டு, எனக்குக் கண்ணில் நிற்காமல் வழிந்தது. நிமிர்ந்தால் எதிரில் யூசுப் பாயும் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தூசு பாபி" என்றார்.

சொட்டச் சொட்ட நனைந்த ஃபோமில் ஏது தூசு? "ஆமா பாய், ஒரே தூசு" என்றேன் நானும்.

உள்ளே காய்வதற்காக வாரக்கணக்கில் டேபிள் ஃபேன் போட்டு வைத்தேன். "எனக்கு ஜுரம் வந்தப்பகூட இந்த ஃபேனை நீ குடுக்கலம்மா" என்றாள் நித்யா.

அடுத்தது புது ஃபோம். இரண்டு டின்களில் இரண்டு திரவங்கள். சேர்த்துக் கலக்கினால் ஓரிரு நிமிடம் சாதுவாக இருக்கும், பிறகு பொங்கிப் பல மடங்காகி அப்படியே இறுகிவிடும். ஒரு சனிக்கிழமை யூசுப் பாய் டின்களை வைத்துவிட்டு, எப்படிக் கலக்குவது என்றும் காட்டிவிட்டு, "நாளிக்கு வந்து ஊத்துறேன்" என்று போனார். மறுநாள் சரளா அண்ணியும் அவர் கணவர் ஜெகந்நாதன் அண்ணாவும் சாப்பிட வருவதாக இருந்தது. (படகைப் பார்க்க அல்ல, எனக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்க.)

ஞாயிறு காலை டின்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சேகர் போனபோது எல்லாவற்றையும் யார் யாரோ செய்தார்கள். யாரோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். யாரோ குளிப்பாட்டினார்கள். மயானத்துக்கு நான் போகவில்லை, போக விடவில்லை. என் கையால் அவருக்கென்று செய்ய எதுவுமே மிஞ்சவில்லை என்று தோன்றியது. பக்கெட்டில் கலக்கினேன், முன்பக்கத் திறப்பில் ஊற்றினேன். அழகாகப் பொங்கி உள்ளே பரவியது. எனக்கே பெருமை தாங்கவில்லை. அண்ணி கண்ணில் படாமலிருக்க மூடியைப் போட்டு ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டு, சாம்பாருக்குப் பருப்பு வைக்கப் போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

யூசுப் பாய் வந்தது எனக்குத் தெரியாது. சேகர் போனபோது அவர் வேலையாகக் கோயம்புத்தூரில் இருந்தார். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவரும் என்னைக் கூப்பிடாமல், முந்தின நாள் வைத்த டின்களையும் கேட்காமல், தொழிலுக்கென்று வண்டியில் வைத்திருந்த வேறு டின்களைத் திறந்து, காலிப் படகுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையும் கலக்கிப் பின்பக்கத் திறப்பில் ஊற்றிவிட்டார். குளிர் அறைச் சுவருக்குள் ஃபோம் ஊற்றினால் இறுக்கி மூடிவிடுவது அவர் வழக்கம். அப்போதுதான் கெட்டியாக நிற்குமாம். இதையும் இறுக்கி மூடினார்.

அவர் கடைசி ஸ்க்ரூவை முடுக்கும்போது கார் வந்து நின்றது. அண்ணி வருவதற்குள் ஜெகந்நாதன் அண்ணா, வெளுத்த வேட்டியும் விபூதியுமாக, "அடடா, இதானா நம்ம கப்பல்!" என்று ஏறி நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். "நித்யா, ஒரு போட்டோ எடு!"

நான் கரண்டியோடு வாசலுக்கு வந்தேன். அண்ணா முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல யோசனையாக மாறியது.

"வசந்தா, படகு மூச்சு விடுதாம்மா?"

"இறங்குங்க, உங்க வெயிட்டு தாங்காம அமுங்குது" என்றார் அண்ணி.

"அமுங்கலடி. நான் மேல போய்க்கிட்டு இருக்கேன்!"

உண்மைதான். படகின் தரை வீங்கிக்கொண்டிருந்தது. பல்லக்கில் எழுந்தருளும் உற்சவரைப் போல அண்ணா நிதானமாக உயர்ந்தார். நானும் யூசுப் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"பாபி, நீ ஊத்துனியா?"

"நீங்க ஊத்தினீங்களா?"

பட்டென்று ஒரு சத்தம். தரை நீளவாக்கில் பிளந்தது. ஸ்க்ரூ ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும் முறுக்கு பிழிந்ததுபோல் மஞ்சள் ஃபோம் சுருள் சுருளாக வந்தது. அண்ணா எழுந்தார், வேட்டி எழுந்திருக்கவில்லை. அதைப் படகு பிடித்துக்கொண்டது. யூசுப் பாய் கத்தரிக்கோலால் வெட்டித்தான் அவரை விடுதலை செய்ய வேண்டியிருந்தது. எதிர்வீட்டுப் பால்கனி நிறைய ஜனம் பார்க்க, கோடு போட்ட டிராயரோடு, விபூதி கலையாமல் நின்றார் அண்ணா.

"வேடிக்கை பார்க்கிறியே வசந்தா, ஒரு வேட்டி கொண்டா!" என்று அண்ணி அலறினார்.

உள்ளே ஓடினேன். பீரோவின் முன்னால் என் கால் நின்றுவிட்டது. சேகர் போனதிலிருந்து, அவர் துணிகள் இருந்த பக்கத்துக் கதவை நான் திறக்கவே இல்லை. துணிகளை யாருக்காவது கொடுத்துவிடு என்று அண்ணி கேட்கும்போதெல்லாம் சாவி காணவில்லை என்று சொல்லிவந்தேன். சாவி பூட்டிலேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

திறந்தேன். கஞ்சி வாசனையும் அவருடைய பவுடர் வாசனையும் சேர்ந்து வந்தது. வேட்டிகளை அவரே இஸ்திரி போட்டு, விளிம்போடு விளிம்பு சேர்த்து அடுக்கியிருந்தார். அந்த அடுக்கைக் கலைக்க எனக்குக் கை வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். பின்னாலேயே வந்த நித்யாவும் பக்கத்தில் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்தாள். வெளியே அண்ணாவின் குரல் கெஞ்சியது: "அம்மா வசந்தா... எதிர்வீட்ல கைதட்டுறாங்கம்மா..."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. எது எது என்று பிரிக்க முடியாதபடி இரண்டு பேரும் குலுங்கினோம். கடைசியில் மேலே இருந்த வேட்டியை நித்யாதான் எடுத்தாள்.

அண்ணா அதைக் கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். எனக்கு உதவியாகச் சாதம் போட வந்த அண்ணி, அந்த வேட்டியின் கரையைப் பார்த்ததும் நின்றார். பாத்திரத்தை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். இத்தனை மாதமும் எனக்கு யோசனையாகச் சொல்லித் தள்ளியவர், துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து தம்பி பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாம்பார் ஆறிப்போயிற்று.

யூசுப் பாய் பிளந்த தரையை அறுத்து, பிதுங்கியதைச் சீவி, மேலே புதிதாக ஃபைபர் ஒட்டினார். நடுவில் ஒட்டக முதுகு மாதிரி ஒரு மேடு மட்டும் போகவில்லை. முட்டுக்காட்டில் இறக்கியபோது படகு மிதந்தது. கொஞ்சம் சாய்ந்து, நேராகப் போகாமல் வட்டமடித்தது, ஆனால் மிதந்தது. நான் இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன், நித்யா கண்ணைத் திறக்கவே இல்லை. துடுப்புப் போட்ட யூசுப் பாய் எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே இருந்தார். திரும்பி வந்ததும் படகை அந்த மீனவரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

கதை மட்டும் எங்களோடு வந்துவிட்டது. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் ஜெகந்நாதன் அண்ணா அதைச் சொல்லியாக வேண்டும். வருஷத்துக்கு வருஷம் ஃபோம் வளர்கிறது. இப்போதெல்லாம் அவர் போர்டிகோ கூரையைத் தலையால் முட்டிவிட்டுத்தான் இறங்குகிறார். அவருக்கு வயதாகிவிட்டது. பெயர்கள் மாறுகின்றன, யார் எப்போது இருந்தார்கள் என்பதும் கலங்குகிறது.

சமீபத்தில் ஒரு வளைகாப்பில் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். "நான் மேல போறேன், மேல போறேன்... இந்த சேகர் பய இருக்கானே, தூண்ல சாஞ்சுக்கிட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறான்! ஒரு கை குடுக்கணுமே? ம்ஹூம்!"

நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் முழங்காலில் கையை வைத்தார். நித்யாதான் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து கேட்டாள்:

"அப்புறம் அப்பா என்ன சொன்னாரு மாமா?"