ஒத்தச்சொட்டு சாரின் முதல் ஸ்லைடு

ஆலங்குடி வட்டாரத்தில் ஒத்தச்சொட்டு சாரிடம் விரலை நீட்டாத ஆள் ஒருத்தர் உண்டென்றால், அவர் ஒன்று நேற்றுப் பிறந்திருக்க வேண்டும், இல்லை பிறந்ததிலிருந்து சிங்கப்பூரிலேயே இருக்க வேண்டும். எங்கள் ரத்தப் பரிசோதனை லேபுக்கு முதலாளி, டெக்னீசியன், வாட்ச்மேன் எல்லாம் அவர்தான். நான் இரண்டாவது டெக்னீசியன். "ஒத்தச் சொட்டு போதும், பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே குத்துவார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும் இருந்தது.

மனுஷருக்கு முகம் ஞாபகம் நிற்காது. ரத்த அணுதான் நிற்கும். ஒரு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையைப் பார்த்துத் திருதிருவென்று முழித்தவர், திடீரென்று மலர்ந்து, "அட, ஈசினோபில் பதினெட்டு! இப்பக் கொறஞ்சிருச்சாப்பா?" என்று சபை நடுவே கட்டிப்பிடித்தார். பெண் வீட்டார் தட்டை மாற்றாமல் எழுந்துவிட்டார்கள். அது அலர்ஜியில் ஏறுகிற வெள்ளையணு, வெறும் தும்மல் சமாச்சாரம் என்று புரியவைக்க, நான்தான் அரை நாள் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினேன்.

லேபில் அணுக்களை எண்ணும் மெஷின் ஒன்று இருந்தது. அதற்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. "அது எண்ணும்மா, பாக்காது" என்பார். எதையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் நம்புவார்.

கண்ணாடி ஸ்லைடில் ரத்தத்தை இழுத்துப் பூசி, சாயம் ஊற்றினால்தான் அணுக்கள் பளிச்சென்று தெரியும். சாயக் கலவை என் பொறுப்பு. அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தினமும் காலை ஏழு மணிக்குத் தன் மோதிர விரலையே குத்திக்கொள்வார். அன்றைய முதல் ஸ்லைடு அவர் ரத்தம்தான். "என் ரத்தம் எனக்கு மனப்பாடம்மா. அதுல சரியாத் தெரிஞ்சா ஊருக்கே சரி."

வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு இன் பண்ணிக்கொண்டு வந்தார் என்றால், யாருக்கோ ரத்தப் புற்றுநோய் சந்தேகம் என்று அர்த்தம். அவரே கூடப் போய்த் திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வருவார். "இன் பண்ணாத்தான் டாக்டருங்க நம்ம பேச்சக் கேப்பாங்க." அப்படித்தான் ஒரு தடவை ஆவுடையார்கோவில் பக்கத்து விவசாயி ஒருவர், "நான் பீடிகூடக் குடிச்சதில்லையே, எனக்கு எப்புடிங்க?" என்று அழுதபோது, பஸ்ஸையும் மறந்து உட்கார்ந்துவிட்டார்.

"எலும்புக்குள்ள மஜ்ஜை இருக்குல்ல, அதுதாங்க ரத்தத்துக்கு நாத்தங்கால். அங்கதான் தாய் செல்லு இருக்கு. அதுலேருந்துதான் செவப்பணு, வெள்ளையணு, ரத்தம் ஒறைய வைக்கிற தட்டணு எல்லாம் பொறந்து, முத்தி, வெளிய வருது. ஒரு நாளு அதுல ஒரே ஒரு செல்லுக்குள்ள, மரபணுவுல ஏதோ பிசகிருது. அப்பறம் அது முத்தாது, சாகாது. தன்ன மாதிரியே பெத்துப் பெத்துத் தள்ளும். நாத்தங்கால் பூரா அதுவே அடைச்சுக்கிட்டா நல்ல நாத்துக்கு எடமேது? செவப்பு கொறஞ்சா சோர்வு. தட்டணு கொறஞ்சா ஈறுல ரத்தம், தொட்ட எடமெல்லாம் கன்னிப்போகும். நல்ல வெள்ளையணு இல்லாட்டி காய்ச்சல். இதுல நீங்க செஞ்ச தப்பு ஒண்ணுமில்லங்க."

போன வருஷம் ஒரு காலை. முதல் ஸ்லைடைப் பார்த்தவர் தலையைத் தூக்கி, வரிசையில் நின்ற பத்துப் பேர் முன்னால் கத்தினார்.

"என்னம்மா கலக்கியிருக்க? வெள்ளையணு பூரா ஊதிப்போயி நீலமா அப்பிக்கிட்டுக் கெடக்கு! அங்கிட்டுக் கொண்டுபோயிக் கொட்டிட்டு வேற கலந்துட்டு வா!"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பதினோரு வருஷமாகக் கலக்குகிற கை. திரைக்குப் பின்னால் போனேன், நூறு வரை எண்ணினேன், அதே பாட்டிலோடு திரும்பி வந்தேன். வந்தவர்களின் ஸ்லைடுக்கெல்லாம் அதையே ஊற்றினேன். எல்லாம் ரோஜாப்பூ மாதிரி விழுந்தது. வரிசை காத்திருந்ததால் சார் தன் விரலை மறுபடி குத்தாமல் அவற்றை மட்டும் பார்த்துவிட்டு, "பாத்தியா, வஞ்சாத்தான் வேல நடக்குது" என்றார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

இந்தக் கூத்து பத்து நாள் நடந்தது. தினமும் அவர் திட்டுவார். நான் நூறு எண்ணிவிட்டு அதே பாட்டிலைக் கொண்டுவருவேன். நடுவில் சாயம் சப்ளை செய்கிற கம்பெனிக்காரரைப் போனில் கூப்பிட்டு, "டூப்ளிகேட் சரக்க எந்தலையில கட்டுறியா?" என்று மானத்தை வாங்கினார். சாரின் முழங்கையில் நீலமாகக் கன்றியிருந்தது. கட்டில் இடித்துவிட்டது என்றார். பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. பிரஷ் சரியில்லை என்றார். மெஷினில் ஒரே ஒரு தடவை ஓட்டியிருக்கலாம். அவராவது, மெஷினிடம் போய்க் கேட்கிறதாவது!

ஊர் ரத்தமெல்லாம் அதே சாயத்தில் நன்றாகத் தெரிகிறது, இவர் ரத்தம் மட்டும் தெரியவில்லை. அப்படியென்றால் கோளாறு எதில்? படித்தவள்தானே நான். பத்து நாளும் அந்தக் கேள்வி என் மண்டையில் ஏறவே இல்லை. ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தேன், பாவி.

பதினோராம் நாள் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று லீவு போட்டேன். மறுநாள் காலை லேபுக்குள் நுழைந்தால், சார் வெள்ளைச் சட்டையில் இன் பண்ணி உட்கார்ந்திருந்தார்.

"யாருக்கு சார்?"

"எனக்குத்தாம்மா."

முந்தின நாள் அவரே கலந்திருக்கிறார். தன் ஸ்லைடு நீலம். அதே கலவையில் அடுத்தவர் ஸ்லைடு பளிச். அப்போதுதான் தன் ரத்தத்தை ஊரார் ரத்தமாக நினைத்து மறுபடி பார்த்தாராம்.

"ஓங்கலவ சரியாத்தாம்மா இருந்திருக்கு. வரிசையில நின்னவுக முன்னாடி ஒன்னய வஞ்சிட்டேன். மனசுல வச்சுக்காத."

நானும் கூடவே பஸ் ஏறினேன். புதுக்கோட்டை தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை. "சார், நான் ஒரு நாள்கூடக் கலவைய மாத்தல. அதே பாட்டிலத்தான் கொண்டாந்தேன். அன்னைக்கே சொல்லியிருந்தா..." என்று அழுதேன். சார் என் பக்கம் திரும்பினார். அப்புறம் சிரித்தார்.

"என்னய பத்து நாளு ஏமாத்திருக்கியேம்மா, கெட்டிக்காரிதான். பத்து நாள்ல ஒண்ணும் ஆயிராது, விடு."

அது பொய். அந்தச் செல் ஒரு நாளில் எவ்வளவு பெருகும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

ஐந்து மாதம் வைத்தியம் பார்த்தார்கள். சார் திரும்பி வரவில்லை.

இப்போது லேபை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காலை ஏழு மணிக்கு முதல் ஸ்லைடு என் ரத்தம். கலவையில் குறை சொல்ல ஆளில்லை. அந்தப் பத்து நாளும் நான் நிஜமாகவே தப்பாகக் கலந்திருக்கக் கூடாதா, சார்? நீங்கள் திட்டியது நியாயமாகவே இருந்திருக்குமே.