வெயில்காரர் வீட்டுக் கம்பளி

"அப்பாவைக் கீழே கொண்டுவந்துடலாம். இனி அஞ்சு வருஷத்துக்குக் கோடை வழக்கத்தைவிட ரெண்டு டிகிரி கூட இருக்கும்," என்றார் வெயில்காரர்.

"ரெண்டைக் கழிச்சா வழக்கமான வெயில்தானே? மாமா மாடியிலேயே இருக்கட்டும்," என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல்.

வெயில்காரர் என்பது தெரு வைத்த பெயர். வரப்போகும் கோடைகளை இன்றைக்கே கம்ப்யூட்டர் மாடலில் ஓட்டிப் பார்ப்பது அவர் உத்தியோகம். மாடலுக்கும் நம்மைப் போலப் பிறவிக் குணம் உண்டாம். சிலது எப்போதும் சூட்டைக் கூட்டியே சொல்லும். பழைய வருஷங்களில் எவ்வளவு கூட்டிச் சொன்னது என்று பார்த்து, அதைக் கழித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

"அதெல்லாம் கழிச்சுட்டுத்தான்டி சொல்றேன்!"

"மாடலுக்குக் கழிச்சீங்க. உங்களுக்கு யார் கழிக்கிறது?"

"எனக்கா? யார் சொன்னது?"

"உங்களை நல்லாத் தெரிஞ்சவங்க."

மாடி அறைக்குத் தகரக் கூரை. கீழே இருந்த ஒரே உபரி அறையில் அவள் தையல் மெஷின். நமக்கெதற்கு வம்பு.

மறுநாள் அவர் தந்திரம் செய்தார். "புதுசா ஓட்டிப் பார்த்தோம். நாலு டிகிரியாம்!"

"ஒரே ராத்திரியில ரெண்டு நாலாச்சா? அப்போ இனிமே நாலு கழிக்கணும்."

தன்னைப் பற்றி அவளிடம் போட்டுக் கொடுத்தது மேலதிகாரிதான் என்று அவருக்குச் சந்தேகம். அவரையே டீக்கு அழைத்து வந்தார். "நீங்களே சொல்லுங்க சார், ரெண்டு டிகிரிதானே?"

மேலதிகாரி பிஸ்கட்டை நனைத்தபடி, "ஜனங்க பயந்துடக் கூடாது பாருங்க. அறிக்கையில ஒண்ணுன்னுதான் போட்டிருக்கோம்," என்றார்.

அவள் ஒன்றிலிருந்து நாலைக் கழித்தாள். அன்று மாலையே மாமனாருக்கு மாடிக்கு ஒரு கம்பளி போனது. தெருவே பார்த்துச் சிரித்தது. மாடி ஏறிப் பார்க்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை.

கோடை வந்தது. பிசகாமல் ரெண்டே டிகிரி. அலுவலகத்தில் எல்லோரும் வெயில்காரரின் கையைக் குலுக்கினார்கள். வீடு திரும்பி மாடி ஏறினால், பெரியவர் வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, உதடு வெடித்துச் சுவரில் சாய்ந்திருந்தார். கம்பளி மூலையில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. இது முதல் கோடைதான். பாக்கி நாலும் வரிசையில் நிற்கின்றன.

மகன் வாளி பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் சொன்னதைத்தான் அவ நம்பலை. நீங்களாவது 'கீழே வர்றேம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது? 'என் பையன் எதையும் ரெண்டு கூட்டித்தான் சொல்வான், நீ கழிச்சுக்கோம்மா'ன்னு, அவ இந்த வீட்டுக்கு வந்த புதுசுல சொல்லிக் கொடுத்தவனே நான்தானேடா!"