மூணு புஸ்தகமும் ஒரு மாலையும்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கடலூர்ல ஆபீஸ் முடிச்சு, பஸ் ஏறி, சிதம்பரத்துல லெண்டிங் லைப்ரரில மூணு புஸ்தகத்தைத் திருப்பிக் குடுக்கணும். ஏழு மணிக்கு ஷட்டரை எறக்கிடுவாங்க.

சிக்கல் என்னன்னா, மூணுலயும் கடைசி அத்தியாயம் பாக்கி. ஒரே நேரத்துல மூணு புஸ்தகம் படிக்கிற வியாதி எனக்கு உண்டு. ஒண்ணேகால் மணி நேரப் பயணம், முடிச்சிடலாம்னு நெனச்சேன்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். எனக்கு அப்ப முப்பத்திரண்டு வயசு. ஆறு வரன் தட்டிப் போயாச்சு. ஏழாவதா திருவந்திபுரம் பக்கத்துல ஒரு பொண்ணு. போட்டோ பாத்த நாள்லேருந்து எனக்குச் சோறு எறங்கல. அவ்ளோ புடிச்சிருந்துச்சு.

தரகர் எச்சரிச்சிருந்தாரு. "பொண்ணோட தாய்மாமன் ஒருநாள் சத்தமில்லாம வந்து உங்களைப் பத்தி விசாரிப்பாரு. நான்தான்னு காட்டிக்க மாட்டாரு. ஒழுங்கா இருங்க."

அம்மாவும் காலைல சொன்னாங்க, "டேய், வெளியில வாயைத் தொறக்காத. அது போதும்."

சரின்னு தலையாட்டிட்டுத்தான் கெளம்புனேன்.

சாயங்காலம் பஸ்ல ஜன்னல் சீட்டு. பக்கத்துல வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் வந்து உக்காந்தாரு. நான் குடும்ப நாவலை எடுத்தேன்.

முதுநகர் தாண்டுறப்ப, கதையில பையனுக்கு வேலை கெடைக்குது. அந்தச் சேதியைச் சொல்ல ஓடி வர்றான். அம்மா கண்ணை மூடிட்டாங்க! எனக்குத் தாரை தாரையா ஊத்துது. கர்ச்சீப் நனைஞ்சு போச்சு.

பெரியவர் பதறிட்டாரு. "என்ன தம்பி, என்ன ஆச்சு?"

"அம்மா போயிட்டாங்க சார்"னேன். மறுபடி அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. மேற்கொண்டு வெவரம் சொல்ல முடியல.

"ஐயய்யோ! எப்ப?"

"இப்பத்தான்."

அவரு என் முதுகைத் தடவிக் குடுத்தாரு. மடியில இருந்த புஸ்தகத்தைப் பாத்துட்டு, "படிங்க, எதையாவது படிங்க. மனசு கொஞ்சம் மாறும்"னாரு. நல்ல மனுசன். நான் அடுத்த புஸ்தகத்தை எடுத்தேன்.

அது கொலைக்கதை. ஆலப்பாக்கம் வர்றதுக்குள்ள துப்பறிவாளர் எல்லாரையும் ஹால்ல கூப்ட்டு வச்சு உண்மையை உடைக்கிறாரு. விஷம் வேர்க்கடலையில இருந்துருக்கு!

அந்த நேரம் பாத்து பெரியவர் ஒரு பொட்டலத்தை நீட்டுறாரு. "ரெண்டு கடலை சாப்புடுங்க தம்பி. வெறும் வயித்தோட இருக்காதீங்க."

பொட்டலத்தைப் பாத்தேன். அவரைப் பாத்தேன்.

"மொதல்ல நீங்க தின்னுங்க"ன்னேன்.

தின்னாரு.

"அந்த ஓரத்துல இருக்குறதை."

அதையும் தின்னாரு. பத்து நிமிசம் அவரு மூஞ்சையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒண்ணும் ஆகல. அப்பறம்தான் எனக்கு வெக்கமாப் போச்சு.

மூணாவது, வாழ்க்கையில முன்னேறுறது எப்படின்னு சொல்ற புஸ்தகம். முட்லூர் தாண்டி கடைசிப் பக்கத்துக்கு வந்துட்டேன். 'முன்பின் தெரியாதவரின் கையைப் பிடியுங்கள். கண்ணைப் பார்த்துப் புன்னகையுங்கள். மனதாரப் பாராட்டுங்கள்'னு போட்டிருந்துச்சு. கடலை விஷயத்துக்குப் பரிகாரம் பண்ண மாதிரியும் ஆகும்னு அவரு கையைப் புடிச்சேன். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிச்சேன்.

"சார், உங்க காது ரொம்ப அழகா இருக்கு."

அவரு கண்ணு கலங்கிடுச்சு. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் கையை இழுத்துக்கவே இல்ல.

ஆறே முக்காலுக்குப் புஸ்தகத்தைக் குடுத்துட்டேன். வேலை முடிஞ்சுது.

மறுநாள் காலைல வீட்டு வாசல்ல ஒரு கார் நின்னுச்சு. அதே வெள்ளைச் சட்டை! கூட ரெண்டு பேரு. கையில பெரிய ரோஜா மாலை.

கதவைத் தொறந்தது அம்மா. "யாரு வேணுங்க?"

"நாங்க பொண்ணு வீட்டுக்காரங்கம்மா. நான் தாய்மாமன். மாப்பிள்ளையோட அம்மா தவறிட்டாங்கன்னு... நீங்க சித்திங்களா?"

"நான்தான் அம்மா."

மாலை வச்சிருந்தவரு அதை முதுகுக்குப் பின்னால மறைச்சாரு. அவ்ளோ பெரிய மாலை எங்க மறையும்?

முந்தின நாள் ஆபீஸ் வாசல்லயே யாரோ மாமாகிட்ட என்னைக் கைகாட்டி விட்டுருக்காங்க. அவரும் பின்னாடியே வந்து பஸ் ஏறிட்டாரு. உள்ள உக்கார வச்சு நடந்ததை ஒண்ணு விடாம சொன்னேன். அம்மா என்னைப் பாத்த பார்வைய இங்க எழுத முடியாது.

மாமா பொறுமையாக் கேட்டாரு. "அம்மா போன துக்கத்துல புத்தி தடுமாறுதுன்னு நெனச்சேன் தம்பி. ராத்திரியே பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், பாசமான பையன், தைரியமாக் கட்டிக்கன்னு. அதுவும் சரின்னுடுச்சு."

அந்தப் போட்டோல இருந்த பொண்ணு சரின்னு சொல்லியிருக்கு!

"அப்ப அம்புட்டும் புஸ்தகத்தாலயா?"

"ஆமா சார். மத்தபடி ஒரு கெட்ட பழக்கமும் கெடையாது."

அவரு எங்க வீட்டு அலமாரியை மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. மெதுவாக் கேட்டாரு.

"இதுல பேய்க்கதை ஏதாவது இருக்கா தம்பி?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"இருக்கு சார். இன்னும் ஆரம்பிக்கல"ன்னேன்.

அம்மா காப்பி கொண்டாந்தப்ப கூடத்துல நான் மட்டும்தான் உக்காந்திருந்தேன். ஜாதகம் ரெண்டே நாள்ல கூரியர்ல திரும்பி வந்துடுச்சு.