பத்துக்குக் கீழே போனால் குளிக்க வேண்டாம்

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஔந்த் பகுதியில் உள்ள சம்பா விஹார் அடுக்குமாடி சொசைட்டியின் நாற்பத்தெட்டு வீடுகளுக்கும் இரண்டு மெசேஜ்கள் போய்ச் சேர்ந்தன. 'தண்ணீர் குறைவு. அரை வாளியில் குளிக்கவும்' என்றது முதலாவது. 'தண்ணீர் இல்லை. குளிக்க வேண்டாம்' என்றது இரண்டாவது.

சொசைட்டி மேனேஜர் சுந்தரமூர்த்தியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவும் பயம், எடுக்காமலிருக்கவும் பயம்.

பதினோரு வருஷமாக இந்தத் தொல்லை கிடையாது. மொட்டை மாடித் தொட்டியில் எத்தனை சதவீதம் தண்ணீர் என்று வாட்ச்மேன் கேஷவ் பார்த்து வந்து சொல்வான். சுந்தரமூர்த்தி அதை போர்டில் எழுதுவார். பின்மேஜையில் இருக்கும் ரமா அதைச் சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் போடுவாள். புதிதாக வந்த சேர்மன் ஹெர்பர்ட்டுக்குத்தான் இது பிடிக்கவில்லை.

"எல்லா சொசைட்டியும் ஆட்டோமேட்டிக் ஆயாச்சு மூர்த்தி, நாம மட்டும் சாக்பீஸ் தேய்ச்சிக்கிட்டு! ஒரு ஆப் பார்த்து வெச்சிருக்கேன். அது வந்தா ஆபீஸ்ல ஆளே வேண்டாம்."

ஐம்பத்து மூன்று வயதில் வேலை போனால் வேறு எவன் கூப்பிட்டுக் கொடுப்பான்? "நானே பைத்தான்ல ப்ரோக்ராம் எழுதிடறேன் சார்" என்று சுந்தரமூர்த்தியின் வாய் அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது. அவர் பைத்தான் படித்தது மொத்தம் நாலு வீடியோ. ஐந்தாவது ஓடும்போது தூங்கிவிட்டார்.

ஆனால் ப்ரோக்ராம் ஓடியது. அதுதான் ஆச்சரியம். கேஷவ் சொன்ன எண்ணைத் தட்டினார், திரையில் வாக்கியம் வந்தது. இரண்டே நிமிடத்தில் அது ஆபீஸ் நம்பரிலிருந்து குரூப்பிலும் வந்து நின்றது! கம்ப்யூட்டருக்கும் ஆபீஸ் போனுக்கும் ஒரே வைஃபை, அதனால் போயிருக்கும் என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். சரஸ்வதி கண் திறந்தால் இப்படித்தான்.

தப்பு எங்கே என்பதும் புரிந்தது. முப்பதுக்குக் கீழே போனால் அரை வாளி என்று ஒரு இஃப். பத்துக்குக் கீழே போனால் குளிக்க வேண்டாம் என்று இன்னொரு இஃப். அன்றைக்குத் தண்ணீர் எட்டு. எட்டு, பத்துக்கும் கீழேதான், முப்பதுக்கும் கீழேதான். இரண்டும் வாயைத் திறந்துவிட்டன.

மூன்றாவது வீடியோவைத் திரும்பப் பார்த்து, இரண்டாவது இஃபை எலிஃப், அதாவது 'முந்தினது இல்லையென்றால் இது' என்று ஆக்கினார். இனி ஏதாவது ஒன்றுதான் பேசும்.

வியாழக்கிழமை தண்ணீர் ஆறு. முப்பதுக்குக் கீழேதானே என்று முதல் வரி முந்திக்கொண்டது. பத்தைப் பற்றிய வரிக்கு முறையே வரவில்லை. 'அரை வாளியில் குளிக்கவும்' என்று படித்த நாற்பத்தெட்டு வீடும் ஒரே நேரத்தில் குளியலறைக்குள் நுழைந்தது. ஏழே காலுக்குக் குழாய்கள் காற்று விட்டன. சி விங் டீச்சர் ஆட்ரி கண்ணெல்லாம் ஷாம்பூவோடு குரல் மெசேஜ் அனுப்பினாள். அதை முழுவதும் கேட்க சுந்தரமூர்த்திக்குத் தைரியம் இல்லை.

வரிகளை மேலும் கீழுமாக மாற்றினார். பத்து முதலில், முப்பது அடுத்து. கை அதோடு நின்றிருக்கலாம். சேர்மன் மனம் குளிரட்டும் என்று கடைசியில் 'மற்றதற்கெல்லாம்' என்று ஒரு எல்ஸும் போட்டார்: 'தொட்டி நிறைந்துள்ளது. கார் கழுவலாம்.'

வெள்ளிக்கிழமை தண்ணீர் முப்பத்தொன்று.

பத்துக்கும் கீழே இல்லை, முப்பதுக்கும் கீழே இல்லை. ஏ விங் கிரேக் இரண்டு காரையும் கழுவி, ஆசை அடங்காமல் ஸ்கூட்டரையும் கழுவினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். எட்டு மணிக்குத் தொட்டி சுத்தமாகக் காலி.

"காய்ச்சல் இருந்தா கஞ்சி, இல்லன்னா பிரியாணின்னு எழுதி வெச்சா, வயித்து வலிக்காரன் கதி என்னங்க?" என்றாள் மனைவி சாந்தகுமாரி, சங்கதியைக் கேட்டுவிட்டு. பைத்தான் தெரியாதவளுக்கு இது தெரிந்திருக்கிறதே என்று அவருக்கு அழுகையே வந்தது.

சாயங்காலம் ஹெர்பர்ட் வந்தார்.

"இங்க பாரு மூர்த்தி. தப்பு வரும், திருத்திக்கலாம். மெசேஜ் தானாப் போகுது பாரு, அதுக்காகத்தான் பொறுத்துக்கறேன். நாளைக்குக் கமிட்டி வருது. அவங்க முன்னால ஒரு தடவை ஓட்டிக் காட்டு. சரியா வந்தா அந்த ஆப்காரனை வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

"வரலைன்னா சார்?"

ஹெர்பர்ட் சுவரில் இருந்த காலண்டரில், ஆப்காரன் வரவேண்டிய திங்கட்கிழமையைப் பார்த்தார்.

சனிக்கிழமை ப்ரோக்ராம் பழுதில்லாமல் இருந்தது. எண்பதுக்கு மேல் போனால்தான் கார். நடுவில் உள்ளதற்கெல்லாம் 'தண்ணீர் போதுமான அளவு உள்ளது.' விநாயகருக்கு ஒரு தேங்காயும் நேர்ந்தாகிவிட்டது. கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு வடாபாவ் வாங்கி வர ரமாவை அனுப்பிவிட்டு சுந்தரமூர்த்தி கைகளைத் துடைத்துக்கொண்டார்.

கேஷவ் சொன்னான், நாற்பத்தைந்து. தட்டினார். திரையில் முத்து முத்தாக வந்தது: 'தண்ணீர் போதுமான அளவு உள்ளது.'

ஐந்து பேரும் தங்கள் போனைப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை.

"ரெண்டு நிமிஷம் ஆகும் சார்" என்றார்.

இரண்டு நிமிடம் ஆனது. நாலு ஆனது.

"நெட் கொஞ்சம் ஸ்லோ." மறுபடி ஓட்டினார். திரையில் இரண்டாவது வரி வந்தது. குரூப்பில் இல்லை. வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டார், மறுபடி ஓட்டினார். மூன்று, நாலு, ஐந்து. கழுத்து வியர்வை சட்டைக்குள் இறங்கியது. மூன்று நாள் தப்பு தப்பாக ஓடி ஓடிப் போன சனியன், சரியாக எழுதிய அன்றைக்கா காலை வாரிவிட வேண்டும்! விநாயகா, இன்னொரு தேங்காய் சேர்த்து வைத்துக்கொள் என்று ஆறாவது தடவை தட்டினார். ஆறு வரி திரையில் நின்றது. குரூப் மூச்சு விடவில்லை.

ஹெர்பர்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ தானாப் போகலையா மூர்த்தி?"

"போகும் சார்! மூணு நாளாப் போச்சே, நீங்களே பார்த்தீங்களே!"

கதவு திறந்தது. வடாபாவ் பொட்டலத்தோடு வந்த ரமா திரையைப் பார்த்தாள், பொட்டலத்தை மேஜையில் வைத்தாள், ஆபீஸ் போனைக் கையில் எடுத்தாள்.

"என்னாண்ணா இது, ஒரே நோட்டீசை ஆறு தடவை எழுதி வெச்சிருக்கீங்க? இந்த மூணு நாளா நான் பார்த்து டைப் பண்ணிக் குரூப்ல போட்ட மாதிரி ஒண்ணு போட்டா போதுமா, இல்ல ஆறையும் போடணுமா?"