பச்சை மூடி டிபன் கேரியர்

மனுவை நான்காவது தடவையாகக் கிழித்துப் போட்டார் சங்கச் செயலாளர். அட்டைப்பெட்டி ஆலையில் வெட்டும் இயந்திரம் ஓட்டுபவர். கேன்டீன் கரும்பலகையில் பசை காய்ச்சுகிறவர் தினமும் காலையில் அரிசி விலை, எண்ணெய் விலை எழுதுவார். அதைப் பார்த்துத்தான் எவ்வளவு சம்பள உயர்வு கேட்பது என்று முடிவாகும். மனு டைப் ஆகி வருவதற்குள் விலை இன்னொரு படி ஏறியிருக்கும்.

"அதுகூடப் போகட்டும்யா. நேத்து முதலாளி கூப்பிட்டு, 'இருபது சதவீதம் கேக்கப் போறீங்களாமே'ங்கறார். மனு அப்ப என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பசைக்காரர் மூலை மேஜையைக் கண்ணால் காட்டினார். அங்கே ஸ்டோர் குமாஸ்தா உட்கார்ந்திருந்தான். வேலைக்கு வந்து மூன்று மாதம். கரும்பலகையைப் பார்த்துப் பார்த்துக் குட்டி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

"கேரியரைப் பாருங்கண்ணே. பச்சை மூடி, நாலு அடுக்கு. முதலாளி ரூமுக்குப் போறதும் இதே மாதிரிதான்."

"சோறு போட்டு வளர்க்கறாரா?"

"சம்பள நாள்ல அவன் வரிசையில நின்னு பாத்திருக்கீங்களா?"

செயலாளர் யோசித்தார். பார்த்ததில்லை. "தனியாக் கவர்ல போகுது போல."

மறுநாள் கூட்டத்தைப் பசை காய்ச்சும் அறைக்கு மாற்றினார்கள். நாற்றத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பேச, குமாஸ்தா ஒரு ஸ்டூலோடு வந்து சேர்ந்தான்.

"உக்காரலாமாண்ணே? இங்க நல்லாக் காத்து வருது."

செயலாளருக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது. ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டு, அது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்துவிடத் தீர்மானித்தார்.

சனிக்கிழமை அவன் காதுபடச் சொன்னார்: "திங்கக்கிழமை ஒருத்தரும் உள்ள போகக் கூடாது. ஸ்டிரைக்."

குமாஸ்தாவின் முகம் மலர்ந்தது. "எத்தனை மணிக்குண்ணே?"

"பாத்தியா, நேரம் கேக்கறான்" என்று பசைக்காரரின் விலாவில் இடித்தார்.

திங்கட்கிழமை அறுபது பேரும் வழக்கம்போல வேலைக்கு வந்தார்கள். கதவு பூட்டியிருந்தது. 'ஆட்கள் தேவை' என்று அட்டை தொங்கியது. தெருக்கோடி வரை வரிசை.

"அண்ணே, குறுக்க நுழையாதீங்க. பாதிச் சம்பளத்துக்கே இவ்வளவு பேர்" என்றான் வரிசையில் நின்ற ஒருவன்.

இருபது வருடம் நுழைந்த கதவு. செயலாளர் பூட்டை இழுத்துப் பார்த்தார். பொய் சொன்னது ஒருவர், வேலை போவது அறுபது பேருக்கு.

காவலாளியிடம் ஓடினார். "கதவைத் திறய்யா."

"ஸ்டிரைக் பண்றவங்களை விடக் கூடாதுன்னு உத்தரவு. முதலாளிக்குக் காலைப் பலகாரமும் வரல. எரிஞ்சு விழறார்."

"யாரு ஸ்டிரைக் பண்றது? அத்தனை பேரும் வந்திருக்கோமே?"

"அதோ, அவர் பண்றாரே."

மதிலோரம் வெயிலில் ஸ்டோர் குமாஸ்தா தனியாக நின்றிருந்தான். கையில் ஆலையின் அட்டையே பதாகை: 'கூலியை உயர்த்து'. கீழே மூன்று மாத அரிசி விலை, தேதிவாரியாக.

செயலாளர் அவன் சட்டையைப் பிடித்தார். "முதலாளிகிட்டப் போட்டுக் குடுத்தது நீதானே?"

"அவர்கூட நான் பேசறதே இல்லண்ணே. சாப்பிடறப்ப என் சம்சாரத்துகிட்டச் சொல்வேன். எதிர்ல அவரும் உக்காந்து சாப்பிடுவார்."

"உன் வீட்டுல அவருக்கு என்னய்யா வேலை?"

"அது அவர் வீடுதாண்ணே. என் பழைய கம்பெனி மூடினதும் இங்க வரச் சொன்னாரு, 'மாப்பிள்ளைக்கு எதுக்குச் சம்பளம்'னு இன்னி வரைக்கும் ஒரு பைசா தரல. அதான் இங்க நான் ஸ்டிரைக், அடுப்படியில அவர் பொண்ணு ஸ்டிரைக்."