காலி இடம் தயார்

"உலகத்துல எவ்வளவோ இடம் இருக்கு. என் ஆய்வுக்கூடம்தான் கிடைச்சுதா உங்களுக்கு?"

"உன் கூடம் இல்ல. அரசாங்கக் கூடம்."

"அப்ப நான் யாரு? அதுல ஒட்டிட்டிருக்கிற பல்லியா?"

"மெதுவா பேசு. பக்கத்து வீட்ல காது இருக்கு."

இருந்தது. இல்லாவிட்டால், ஒரு நாட்டின் அறிவியல் எதிர்காலம் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்த ஒரு சமையலறையில் தீர்மானிக்கப்பட்ட வரலாறு வெளியே தெரியாமலே போயிருக்கும்.

நாடுகள் எல்லைக்காக மோதிக்கொண்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது. இன்றைக்கு மோதல் ஒன்றுக்காகத்தான்: உலகளாவிய பெரிய நிறுவனம் தன் ஆய்வு மையத்தை யார் வாசலில் திறக்கும் என்பதற்காக. அந்த மாபெரும் போரில் நம் தரப்புத் தளபதி எங்கள் மூன்றாம் மாடிக்காரர்தான் என்பதில் இந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கே பெருமை. முதலீட்டு ஈர்ப்பு வாரியத்தின் இணை இயக்குநர். மாடிப்படியில் அவருக்குப் பெயர் 'வரவேற்பு'. பூங்கொத்து இல்லாத கையோடு அவரைப் பார்த்தவர்கள் குறைவு. பெற்ற தாய் ஊரிலிருந்து இங்கேயே தங்க வந்தபோதுகூட, பெட்டியை வாங்குவதற்கு முன்னால் சால்வை போர்த்தியவர்.

அவருடைய மனைவி விதை ஆராய்ச்சிக்காரர். உப்பேறிய மண்ணிலும் விதையை முளைக்க வைக்கும் ஒரு நுண்ணுயிரைப் பல வருடமாகச் சின்னச் சின்னக் குழாய்களில் உறைய வைத்துக் காப்பாற்றி வந்தார். அந்தக் குழாய்கள் செத்தால் அத்தனை வருடமும் செத்தது. இதை அந்த அம்மாள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். எல்லோரும் தலையாட்டியிருக்கிறோம்.

போர் இப்படித் தொடங்கியது. ஒரு பெரிய நிறுவனம், ஆய்வு மையம் அமைக்க இடம் பார்ப்பதாக அறிவித்தது. பக்கத்து நாடு இலவச நிலம் என்றது. நாம் இலவச நிலத்தோடு வரியும் வேண்டாம் என்றோம். அவர்கள் தண்ணீர் இலவசம் என்றார்கள். நாம் அந்தத் தண்ணீரில் வளர்ந்த மரங்களும் இலவசம் என்றோம். வாரியத்தின் அவசரக் கூட்டத்தில் தலைவர் மேசையைத் தட்டினார்.

"வர்றவங்களுக்கு நம்மகிட்ட கண்ணுல பட என்ன இருக்கு?"

"தயார் நிலை இருக்கு சார்" என்றார் வரவேற்பு.

"தயாரா என்ன இருக்கு?"

அதற்குப் பதில் கோப்பில் இல்லை. தட்டச்சு செய்யும் பெண்தான் யோசித்துச் சொன்னாள். "ஊர்லயே குளிர்சாதனமும் ஜெனரேட்டரும் ஒழுங்கா ஓடுறது ஒரே ஒரு இடத்துலதான் சார். விதை ஆய்வுக்கூடம்."

"அங்க இப்ப என்ன நடக்குது?"

"ஆய்வு நடக்குது சார்."

"அவ்வளவுதானே? அப்ப காலி பண்ணிடலாம்."

தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. 'ஆய்வை வரவேற்கும் பொருட்டு ஆய்வு தற்காலிகமாக அகற்றப்படுகிறது' என்று குறிப்பில் பதிவானது. வரவேற்பும் கைதட்டினார். தட்டிக்கொண்டே, இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்தார். பதவி உயர்வு கிடைத்தால் அவளுக்கும் பெருமைதானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானம் பால் பொங்கும் வரைதான் தாக்குப்பிடித்தது.

மனைவி அழவில்லை. மறுநாள் ஆட்டோவில் குழாய்ப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு காலியானது. ஐஸ் தட்டு, உறைந்த பட்டாணி, மாமியாரின் முழங்கால் வலிக்கான ஜெல் பை எல்லாம் வெளியே வந்தன.

"என் முட்டி வலிக்கு ஒத்தடம் வேணாமா?" என்றார் மாமியார்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க அத்தை. இதெல்லாம் உயிரோட இருக்கு."

"இதுக்குள்ள உயிரா?"

"ஆமா. சூடு பட்டா போயிடும்."

மாமியார் ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பத்திரமாகத் திரும்ப வைத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவை யாரும் அவர் அனுமதியில்லாமல் திறக்க முடியவில்லை. வரவேற்பு குளிர்ந்த தண்ணீர் குடிப்பதை விட்டார்.

நிறுவனத்தின் தூதுக்குழு வந்த நாள் பொன்னாள். ஆய்வுக்கூடம் வழுவழுவென்று மின்னியது. மேசை இல்லை, அலமாரி இல்லை, ஒரு கறைகூட இல்லை. சுவர் முழுக்க 'உலகத் தரம்' என்று எழுதியிருந்தது. எத்தனை விளக்குப் போட முடியுமோ அத்தனையும் போட்டார்கள். அத்தனைக்கும் மின்சாரம் வேண்டுமே என்று, சுற்றியிருந்த குடியிருப்புகளுக்கு நாட்டுநலன் கருதிக் காலையிலேயே மின்சாரத்தை நிறுத்தினார்கள். உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் வரவேற்பு. எந்தெந்தத் தெரு என்று அவர் படிக்கவில்லை. நல்ல அதிகாரிகள் படிப்பதில்லை.

குழுவின் தலைவி ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி. அவர் பேசியதைக் கூடவே வந்த மொழிபெயர்ப்பாளர் இளைஞர் நம் மொழியில் சொன்னார். கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்து பார்த்தார் தலைவி.

"இங்க யார் வேலை செய்யறாங்கன்னு கேக்கறாங்க."

"இனிமே நீங்கதான்" என்றார் வாரியத் தலைவர், நெஞ்சு நிமிர்த்தி.

"இல்ல, இதுவரைக்கும் யாருன்னு கேக்கறாங்க. உப்பு மண்ணுல விதையை முளைக்க வைக்கிற ஒரு நுண்ணுயிர் இந்தக் கூடத்துல இருக்குன்னு படிச்சாங்களாம். அதுக்குப் பக்கத்துல உக்காரலாம்னுதான் இந்த நாட்டுக்கே வந்திருக்காங்க."

கூடம் பளபளத்தது.

"அது முறைப்படி இடமாற்றம் செய்யப்பட்டிருக்கு" என்றார் தலைவர்.

"எங்க?"

வரவேற்பு பூங்கொத்தை மறு கைக்கு மாற்றினார். "எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல."

எங்கள் மாடிப்படியில் அத்தனை கோட்டு சூட்டு அதற்கு முன் ஏறியதில்லை. லிஃப்ட் ஓடவில்லை, மின்சாரம் இல்லையே. வரவேற்புக்குத் தான் போட்ட கையெழுத்து இரண்டாம் மாடியில்தான் உறைத்தது. அங்கிருந்து அவர் ஓடினார்.

சமையலறைத் தரையில் ஒரு தெர்மாகோல் பெட்டி. அதைச் சுற்றிக் கம்பளி. ஒரு பக்கம் மருமகள், மறுபக்கம் மாமியார். காலையில் மின்சாரம் போனதுமே மாமியார் வலிக்கிற முட்டியோடு வீடுவீடாகக் கதவைத் தட்டி எல்லோருடைய ஐஸையும் வாங்கிப் போயிருந்தார். நாங்கள் எதற்கென்று கேட்டோம். "உயிர் போகுது, கொடுங்கடி" என்றார். யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார் வரவேற்பு, வாசலில் நின்று.

"பாதி போச்சு" என்றார் மனைவி. தலை நிமிரவில்லை. "மீதியை உங்கம்மா பிடிச்சு வச்சிருக்காங்க."

"எந்தப் பாவி கரண்ட்டை நிறுத்தினானோ" என்றார் தாய்.

பாவி பூங்கொத்தைக் கீழே வைத்தார்.

தூதுக்குழுத் தலைவி செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவரும் மருமகளும் நேரடியாகவே பேச ஆரம்பித்தார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு அங்கே வேலை இருக்கவில்லை. அவர் வெளியே வந்து, படியில் நின்ற தட்டச்சுப் பெண்ணுக்கு நாட்டு நிலவரங்களை மொழிபெயர்க்கத் தொடங்கினார். வாரியத் தலைவர் நின்றபடியே வரியை இன்னும் குறைத்தார். கேட்க ஆளில்லை. கடைசியில் வரி வாங்குவதற்குப் பதிலாக நிறுவனத்துக்கே ஏதாவது கொடுப்பதாகவும் சொல்லிப் பார்த்தார்.

ஆய்வு மையம் பக்கத்து நாட்டுக்குப் போயிற்று. அங்கே வரி அதிகம், கட்டிடம் பழசு. நம் வாரியம் காரணம் கேட்டு எழுதியது. பதில் சுருக்கமாக வந்தது: 'எங்களை வரவேற்க நீங்கள் ஏற்கனவே இருந்தவரை வெளியேற்றினீர்கள். எங்களைவிடப் பெரியவர் நாளை வந்தால், அப்போது நீங்கள் வெளியேற்றுவது எங்களைத்தான்.' வாரியம் இதை 'ஆக்கபூர்வமான பின்னூட்டம்' என்று ஏற்றுக்கொண்டது.

தட்டச்சுப் பெண் மொழிபெயர்ப்பாளரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு கடல் கடந்தாள். வரவேற்பின் மனைவி புது மையத்துக்குத் தலைமை ஏற்று, மிச்சக் குழாய்களோடு பக்கத்து நாட்டுக்குக் குடிபோனார். மாமியாரும் கூடவே கிளம்பினார். "அதுங்களை யாரு பாத்துக்குவா?" என்றார், பெற்ற மகனைப் பார்த்து. வரவேற்புக்குப் பதவி உயர்வு வந்தது. வாரியத்தின் புது விளம்பரத்தில், உலகத்துக்கே ஆய்வாளர்களைத் தரும் நாடு என்று அவர் மனைவியின் படத்தைப் போட்டிருக்கிறார்கள். கூடம் இன்னும் காலியாக மின்னுகிறது. அதற்குக் காவலாள் உண்டு.

போன வாரம் வரவேற்பு பால்கனியில் நின்று மனைவியிடம் போனில் பேசினார். காது இருக்கிறதே, கேட்டது.

"நீ திரும்பி வந்துடு. எல்லாம் தயார் பண்ணிட்டேன். உன் மேசை, புத்தகம், அந்தப் பழைய அலமாரி எல்லாத்தையும் எடுத்தாச்சு. சுவருக்கு வெள்ளை அடிச்சாச்சு. வீடு கண்ணாடி மாதிரி இருக்கு. நீ வந்து இறங்கினா போதும்."

எதிர்முனையில் போனைத் தாய் வாங்கியிருப்பார் போலிருக்கிறது. வரவேற்பு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஆமாம்மா. உன் கட்டிலையும்தான்."

போன் வைக்கப்பட்டது. அவர் அதைக் கையில் பிடித்தபடி எங்கள் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"நீங்களே சொல்லுங்க. நான் எதுல குறை வச்சேன்?"

பாவம், எதிலும் குறை வைக்கவில்லை. எதையும் மிச்சமும் வைக்கவில்லை.