தாரணிக்கு நான் கொடுத்த இன்டர்வியூ பயிற்சி

பொம்மனஹள்ளி

மதிப்பிற்குரிய ஸ்ரீகண்டன் மச்சானுக்கு முனிராஜ் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை கோமதியும் மகள் தாரணியும் சுகம். ஓசூரில் நீங்களும் அக்காவும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் நான் எது பேசினாலும் தாரணி என் குரலிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறாள். இந்த விஷயம் பிடிபடக் கூடாதது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலர் கேட்ட பேச்சை முழுசாகத் திருப்பிச் சொல்லித்தான் பேசப் பழகுவார்கள் என்று ஸ்பீச் டீச்சர் ரக்ஷிதா சொல்லியிருந்தார். வயிறு நிறைந்தால் தாரணி "போதும்" என்பதில்லை. நான் ஓட்டும் கேப் வண்டியில் வழி சொல்லும் மேப்பின் பெண்குரலில் "நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்பாள், நாங்கள் தட்டை எடுத்துவிடுவோம். ஆனால் ஒன்றாம் வகுப்புக்கு இன்டர்வியூ என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்தாவது பெயிலான நானே வாத்தியாராகி, சவாரிக்குக் கிளம்பும்முன் தினமும் பாடம் நடத்தினேன். "கேள்வியும் பதிலும் நீங்களே சொல்லாதீங்க சார்" என்றார் ரக்ஷிதா. நான் காதில் வாங்கவில்லை.

நேற்று ஹெட்மிஸ்ட்ரஸ் ஷோபா மேடம், "நின் ஹெசரு ஏனு புட்டி? பேர் என்னம்மா?" என்று கன்னடத்திலும் தமிழிலும் அன்பாகத்தான் கேட்டார். தாரணி ஜன்னலைப் பார்த்தபடி, என் இருமலோடு ஆரம்பித்தாள்: "உன் பேர் என்ன? தாரணின்னு சொல்லு கண்ணு. அந்தம்மா சிடுமூஞ்சியா இருக்கும், பயப்படாத. சீட்டு குடுக்கலன்னா அப்பன் மானம் போயிரும். கோமதி, வண்டி சாவி எங்க?"

நான் சுவரில் இருந்த பழங்களின் படத்தைப் பார்த்தேன். "யாரு சார் சொல்லிக் குடுத்தது?" என்றார் மேடம்.

"அவங்கம்மா மேடம்."

"குரல் உங்களோடதா இருக்கே."

சொல்லி அனுப்புகிறோம் என்று எங்களை அனுப்பிவிட்டார். வண்டியில் ஏறியதும் கோமதி, "பொண்ணு பாஸு. நீங்கதான் பெயிலு" என்றாள்.

இனி அங்கே சீட்டு கிடைக்காது மச்சான். உங்கள் பக்கம் இவளைச் சேர்த்துக்கொள்ளும் ஸ்கூல் இருந்தால் விசாரியுங்கள். தாயும் மகளும் அங்கே இருக்கட்டும், நான் லீவு நாளில் வந்து பார்க்கிறேன். இதை எழுதும்போதே வீடு காலியானது போல இருக்கிறது.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

அன்புள்ள,
முனிராஜ்

பி.கு.: யாரையும் விசாரிக்க வேண்டாம். இப்போதுதான் ஷோபா மேடம் போன் செய்தார். சீட்டு உண்டு. "இவ்வளவு தெளிவா திருப்பிச் சொல்ற பொண்ணுக்கு, அவ சொல்ல வேண்டியதை மட்டும் சின்னச் சின்னதா சொல்லிக் குடுங்க" என்றார். ஒரே நிபந்தனை: சனிக்கிழமைதோறும் ரக்ஷிதாவிடம் போய்ப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டியது நான். கோமதி இன்றே பயிற்சியை ஆரம்பித்துவிட்டாள். "டீ வேணும்" என்று இரண்டு வார்த்தையில் கேட்டால்தான் டீ வருகிறது.